கார்ட்டூன் பந்தயத்துக்குள் ஒரு விளையாட்டு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காட்சி ஊடகத்தை வகுப்பறையில் எப்படிக் கையாள்வது என்பது இந்த அமர்வின் பொருள். பொருள் பெரியது, நேரமோ குறைவு. அதனால் ஒரே ஒரு கார்ட்டூனை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு பந்தயத்தை மட்டும் பார்ப்போம்.

பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. ‘நேரம் பாழ், பார்க்கவே விடக்கூடாது’ என்பது ஒன்று. ‘குழந்தைகள்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் ஆசிரியருக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பிள்ளை பார்த்த காட்சியை நாமும் பார்த்து, அதில் உள்ளதை மூன்றாகப் பிரித்துக் காட்டுவது. உலகத்திலிருந்து அப்படியே எடுத்தது எது? மிகைப்படுத்தியது எது? சொல்லாமல் விட்டது எது? இந்த மூன்று கேள்விகளையும் ஒரு பந்தயத்தின்மேல் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய உரை.

பாட்டிகளின் மறுபோட்டி

‘ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்’ என்ற கார்ட்டூன் தொடரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். டான் பொவன்மயர், ஜெஃப் மார்ஷ் என்ற இருவர் உருவாக்கியது. 2007ஆம் ஆண்டு டிஸ்னி சேனலில் தொடங்கியது. கோடை விடுமுறையில் இரண்டு சிறுவர்கள் நாளுக்கு ஒன்றாக எதையாவது கட்டி எழுப்புவார்கள். அதுதான் கதையின் சட்டகம். அதில் ‘க்ராக் தட் விப்’ என்று ஒரு பகுதி. சிறுவர்களின் பாட்டி பெட்டி ஜோ, இளமையில் ரோலர் ஸ்கேட் போட்டுப் பந்தயத்தில் ஓடியவர். அவருக்கு ஹில்டகார்ட் என்று ஒரு பழைய போட்டியாளர். இருவருக்கும் இடையே, வென்றது யார் என்று முடிவாகாமலே நின்றுபோன ஒரு பந்தயம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தடம் அமைத்துக் கொடுக்க, வயதான இருவரும் மறுபடியும் சக்கரம் கட்டி மோதுகிறார்கள்.

பார்க்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டி சக்கரக் காலணியோடு பாய்ந்து போவது அவர்களுக்கு வேடிக்கை. ‘பாட்டியாவது, ஸ்கேட்டிங்காவது!’ என்ற எண்ணம்தான் அந்தச் சிரிப்புக்கு அடிப்படை. ஆனால் கதாசிரியர்கள் இந்த விளையாட்டைக் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. இதற்கு ரோலர் டெர்பி என்று பெயர். அமெரிக்காவில் உண்மையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு எழுபது வயது என்று வைத்துக்கொண்டால், அவருடைய இளமை 1960களில் வரும். அந்த நாள்களில் ரோலர் டெர்பி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பாட்டியின் கடந்த காலம் காலக்கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. பிள்ளைகள் எதை ‘இது நடக்காது’ என்று சிரிக்கிறார்களோ, அதுவே இந்தக் கதையில் உண்மைக்கு மிக அருகில் இருக்கும் பகுதி.

பந்தயமாகப் பிறந்தது

ரோலர் டெர்பியின் பிறப்பு 1935ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். வேலையில்லாத மக்கள் பொழுதுபோக்கைத் தேடிய அந்நாள்களில், யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பார் என்ற போட்டிகள் அங்கே பெருகின. நாள்கணக்கில் நடப்பது, நாள்கணக்கில் ஆடுவது என்று பணம் கொடுத்து நடத்தினார்கள். அத்தகைய நடைப்போட்டிகளை நடத்திவந்த லியோ செல்ட்ஸர் என்பவர், அதையே சக்கரக் காலணியோடு நடத்தினால் என்ன என்று யோசித்தார். 1935 ஆகஸ்ட் 13 அன்று சிகாகோ நகரின் கொலிசியம் அரங்கில் முதல் டெர்பி தொடங்கியது.

25 ஜோடிகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் ஆண், ஒரு பெண். ஒரே அரங்கத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போகும் தூரத்தைக் கடக்க வேண்டும். சுமார் 3,000 மைல், அதாவது ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். சுமார் 57,000 சுற்றுகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சுற்றின் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். 48,00,000 மீட்டரை 57,000ஆல் வகுத்தால் 84 மீட்டர் வரும். இவ்வளவு சிறிய வட்டத்தில் ஒரு கண்டத்தின் அகலத்தை ஓடி முடித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு செய்தியைக் கோடிட்டுக் காட்ட விரும்புகிறேன். பெண்கள் அந்தத் தடத்தில் வேடிக்கைக்காக நிறுத்தப்படவில்லை. பாதித் தூரத்தைச் சுமக்கும் பங்காளிகளாக இறங்கினார்கள். பிற்காலத்தில் ஆட்டம் மாறியபோதும், ஒரு பகுதியில் ஆண்கள் ஆண்களோடும் அடுத்த பகுதியில் பெண்கள் பெண்களோடும் மோதுவார்கள். இருவருக்கும் விதிகள் ஒன்றே. இருவரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் அணியின் வெற்றி கணக்கிடப்படும். பெண்களுக்கென்று விதிகளைத் தளர்த்திக் கொடுத்த விளையாட்டுகள் பல இருந்த காலம் அது.

நெடுந்தூரப் பந்தயம் எப்படி மோதல் ஆட்டமாக மாறியது? சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் சில நேரம் ஒருவரையொருவர் முந்தும்போது இடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்யும். 1930களின் பிற்பகுதியில் டேமன் ரன்யன் என்ற எழுத்தாளர் இதைக் கவனித்து, இடிப்பதையே ஆட்டத்தின் அங்கமாக்கலாமே என்று செல்ட்ஸருக்கு யோசனை சொன்னார். அதன் பிறகு விதிகள் மாறின. யார் முதலில் எல்லையைத் தொடுகிறார் என்ற கேள்வி போய், யார் எத்தனை எதிரணியினரைத் தாண்டுகிறார் என்ற கேள்வி வந்தது.

இப்போது நம் கார்ட்டூனுக்கு வருவோம். பாட்டிகளின் போட்டி முதலில் முடிப்பவர் வெற்றி என்ற பந்தயமாகவே காட்டப்படுகிறது. இன்றைய டெர்பியில் முடிவுக்கோடு என்று ஒன்று கிடையாது. அந்த வகையில் கார்ட்டூன் டெர்பியிலிருந்து விலகுகிறது. ஆனால் 1935இன் முதல் டெர்பி பந்தயம்தான். விலகிப் போன கார்ட்டூன், போன இடத்தில் விளையாட்டின் தாய் வடிவத்தைத் தொட்டுவிட்டது.

கபடி தெரிந்தவர்களுக்கு டெர்பி புரியும்

இன்றைய ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மவர்களுக்குக் கபடியை வைத்து விளக்கினால் எளிதில் புரியும்.

நீள்வட்டத் தடம். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐந்து பேர் தடத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஜாமர். தலைக்கவசத்தின்மேல் நட்சத்திரம் போட்ட உறை அணிந்திருப்பார். மற்ற நால்வரும் பிளாக்கர்கள், அதாவது தடுப்பவர்கள். இரண்டு அணிகளின் தடுப்பவர்கள் எட்டுப் பேரும் முன்னால் கூட்டமாக நிற்பார்கள். இரண்டு ஜாமர்களும் பின்னாலிருந்து கிளம்பி அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். முதல் முறை கடப்பதற்குப் புள்ளி இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் கூட்டத்தில் புகும்போது, தாண்டும் ஒவ்வோர் எதிரணித் தடுப்பவருக்கும் ஒரு புள்ளி.

கபடியில் பாடிச் செல்பவர் எதிரணிக்குள் புகுந்து, தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளியோடு திரும்புகிறார் அல்லவா? ஜாமரும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு. கபடியில் ஒரு நேரத்தில் ஓர் அணிதான் பாடும். டெர்பியில் இரண்டு அணியின் ஜாமர்களும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். ஆகவே தடுக்கும் வேலையையும் வழிவிடும் வேலையையும் அதே நால்வர் அதே நொடியில் செய்தாக வேண்டும்.

ஒரு சுற்றாட்டம் அதிகபட்சம் 2 நிமிடம். இடையில் 30 நொடி ஓய்வு. அரை மணி நேரமாக இரண்டு பாதிகள். கூட்டத்தைவிட்டு விதிப்படி முதலில் வெளியே வரும் ஜாமருக்கு ஒரு சிறப்பு உரிமை உண்டு. இரண்டு நிமிடம் முடியும் முன்பே, தன் இடுப்பைக் கைகளால் தட்டிக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிடலாம். தான் நான்கு புள்ளி எடுத்துவிட்டு, எதிரணி ஜாமர் புள்ளி எடுக்கும் முன் நிறுத்திவிடுவதுதான் திறமை. எப்போது ஓடுவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் ஆட்டத்தின் அறிவு.

சாட்டை: கார்ட்டூன் சரியாகப் பிடித்தது

அந்தப் பகுதியின் தலைப்பிலேயே ‘விப்’, அதாவது சாட்டை, இருக்கிறது. டெர்பியில் விப் என்பது ஓர் உத்தியின் பெயர். முன்னால் போகும் தோழி கையைப் பின்னால் நீட்டுவார். ஜாமர் அதைப் பற்றிக்கொள்வார். தோழி இழுத்து முன்னால் வீசிவிடுவார். ஜாமர் வேகமெடுத்துப் பறப்பார். கார்ட்டூன்களில் இப்படி வீசப்பட்டவர் மேகத்தைத் தொட்டுவிட்டு வருவார். அது மிகை. ஆனால் வீச்சு உண்மை, அதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலும் உண்மை.

உயர்நிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். தலா 50 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு பேர். இருவரும் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒரே திசையில் போகிறார்கள். கணக்கை எளிதாக்க, சக்கரத்தின் உராய்வை விட்டுவிடுவோம். மொத்த உந்தம் 200 கூட்டல் 200, ஆக 400. இப்போது தோழி ஜாமரை முன்னால் வீசுகிறார். தோழியின் வேகம் 3 மீட்டராகக் குறைந்தால் அவருடைய உந்தம் 150. உந்தம் மாறாது என்பதால் ஜாமருக்கு 250 வரவேண்டும். ஆகவே ஜாமரின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். ஒருவர் விட்டுக்கொடுத்த வேகம்தான் இன்னொருவருக்குக் கிடைத்திருக்கிறது.

இத்தோடு நிறுத்தாதீர்கள். இயக்க ஆற்றலையும் கணக்கிடச் சொல்லுங்கள். முன்பு இருவருக்கும் தலா 400 ஜூல், மொத்தம் 800. பின்பு தோழிக்கு 225, ஜாமருக்கு 625, மொத்தம் 850. ஐம்பது ஜூல் கூடியிருக்கிறது. எங்கிருந்து வந்தது? நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இங்கே சற்றுத் திகைப்பார்கள். தோழியின் தசை செய்த வேலையிலிருந்து வந்தது. உந்தம் மாறாமல் இருக்கும்போதே ஆற்றல் மாறலாம் என்ற வேறுபாட்டை, பாடநூல் வரையறையைவிட இந்தச் சாட்டை நன்றாகப் பதியவைக்கும்.

தொடக்கப் பள்ளியில் இதையே உடலால் உணர்த்தலாம். ஐந்து பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்கட்டும். முதல் பிள்ளை நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பட்டும். மற்றவர்கள் வரிசை குலையாமல் நடந்து சுற்றட்டும். முதல் பிள்ளை நகரவே இல்லை, கடைசிப் பிள்ளையோ ஓடவேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று முடித்தாலும் வெளியே இருப்பவர் கடக்கும் தூரம் அதிகம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். இதை மண் தரையில், நடை வேகத்தில் மட்டும் செய்யுங்கள். வேகமாகச் சுற்றினால் கடைசிப் பிள்ளையின் கை நழுவி, வட்டத்தைத் தொடும் நேர்கோட்டில் தூக்கி எறியப்படும். சிமென்ட் தளத்தில் வேண்டவே வேண்டாம்.

மிகை எங்கிருந்து வந்தது?

பந்தயக் கார்ட்டூன்களுக்கு ஒரு மரபு உண்டு. 1968இல் வந்த ‘வாக்கி ரேசஸ்’ தொடரில் டிக் டாஸ்டர்ட்லி என்ற வில்லன் ஒவ்வொரு பந்தயத்திலும் சூழ்ச்சி செய்வான், ஒருமுறைகூட வெல்லமாட்டான். முழங்கையால் இடிப்பது, காலை வாரிவிடுவது, குறுக்கே எதையாவது போடுவது எல்லாம் இந்த மரபின் வாடிக்கை. அப்படியானால் பாட்டிகளின் பந்தயத்தில் உள்ள கடுமையும் வன்மமும் வெறும் கார்ட்டூன் மரபுதானா?

முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. 1948இல் ரோலர் டெர்பி அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. சின்னத் திரைக்கு நாயகியும் வேண்டும், வில்லியும் வேண்டும். ஜெரி மர்ரே, மிட்ஜ் பிராசன் ஆகியோரின் போட்டியைப் பார்க்க மக்கள் காத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஜோன் வெஸ்டன் நாயகி, ஆன் கால்வெல்லோ வில்லி. கால்வெல்லோ தலைமுடிக்கு விதவிதமாகச் சாயம் பூசிக்கொண்டு, கூட்டத்தின் ஏச்சைச் சிரித்தபடி வாங்கிக்கொள்வார். நாளடைவில் ஆட்டத்தில் நாடகம் கூடியது. முடியைப் பிடித்து இழுப்பதும் குத்துவிடுவதும் காட்சிக்காக நடந்தன. விளையாட்டா, வேடமா என்று கேட்கும் நிலை வந்தது. 1973இல் செல்ட்ஸர் குடும்பத்தின் டெர்பி நிறுத்தப்பட்டது.

ஆகவே கார்ட்டூன் டெர்பியைப் போல இருக்கிறது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தொலைக்காட்சியின் பிடியில் டெர்பியே ஒரு கட்டத்தில் கார்ட்டூனைப் போல ஆகிவிட்டிருந்தது. பெட்டி ஜோவும் ஹில்டகார்டும் அந்தக் காலத்தின் சாயலில் நிற்கிறார்கள். இந்தக் கதையை உயர்நிலை மாணவர்களிடம் சொன்னால், பார்ப்பவர்களின் கைதட்டல் ஒரு விளையாட்டை எப்படி மாற்றும் என்ற விவாதத்துக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஆன் கால்வெல்லோ 1929இல் பிறந்தவர். 1940களில் சக்கரம் கட்டியவர், 2000களிலும் தடத்தில் தோன்றினார். ஏழு பத்தாண்டுகளைத் தொட்ட ஆட்ட வாழ்க்கை. எழுபது வயதைக் கடந்து ஸ்கேட் போட்ட ஒரு பாட்டி உண்மையாகவே இருந்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் சிரிப்பு சற்று நின்று, வியப்பாக மாறும்.

விட்டுவிட்ட பகுதி

இப்போது மூன்றாவது கேள்வி. கார்ட்டூன் சொல்லாமல் விட்டது எது? என் உரையில் முக்கியமான பகுதி இதுதான்.

முதலாவது, விதி. 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பெண்கள் சிலர் டெர்பியை மறுபடியும் தொடங்கினார்கள். சரிவாகக் கட்டிய விலையுயர்ந்த தடத்தை விட்டுவிட்டு, சமதளத்தில் கோடு போட்டு ஆடும் வடிவத்தை வளர்த்தார்கள். நாடகத்தை ஒதுக்கி விதிகளை எழுதினார்கள். அணிகள் சேர்ந்து பெண்களுக்கான சமதள டெர்பி சங்கம் ஒன்றை அமைத்தன. அதை நடத்துபவர்களும் ஆடுபவர்களே. அந்த விதிப்படி தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம். முழங்கையைப் பயன்படுத்தக் கூடாது. கையால் தள்ளக் கூடாது. முதுகில் இடிக்கக் கூடாது. தலையிலும் தொடையின் நடுப்பகுதிக்குக் கீழும் படக் கூடாது. மீறினால் 30 நொடி தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். ஏழு முறை மீறினால் ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும். பத்துப் பேர் ஆடும் தடத்தில் ஏழு நடுவர்கள் வரை ஸ்கேட் போட்டுக்கொண்டு கண்காணிப்பார்கள்.

நன்றாக எண்ணிப் பாருங்கள். மோதல் நிறைந்த விளையாட்டு என்பதால்தான் அங்கே விதி இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. கார்ட்டூனில் மோதல் மட்டும் வருகிறது, விதி வருவதில்லை. நம் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ‘விளையாட்டுக்குத்தான் டீச்சர்’ என்று சொல்லும்போது, அது அந்தப் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. ‘தள்ளாதே’ என்று மட்டும் நாம் சொன்னால் அன்று மட்டும் கேட்கும். ‘மோதலே விளையாட்டாக இருக்கும் இடத்தில்கூட முதுகைத் தொடக் கூடாது. ஏன் தெரியுமா? பின்னாலிருந்து வருவதை அவர் பார்க்க முடியாது’ என்று காரணத்தோடு சொன்னால், அது மனத்தில் நிற்கும்.

இரண்டாவது, விழுதல். கார்ட்டூனில் விழுபவருக்குத் தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்கும். அடுத்த நொடி எழுந்து ஓடுவார். டெர்பியில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே எப்படி விழுவது என்பதைத்தான். தலைக்கவசம், பல் காப்பு, முழங்கை உறை, மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் உறை எல்லாம் அணிந்துகொண்டு விழுந்து விழுந்து பழகுவார்கள். உடலைச் சுருக்கி விழவேண்டும், கைகால்களைப் பரப்பக் கூடாது. உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவரின் சக்கரம் விரல்மேல் ஏறும். விழுந்த உடனே எழுந்துவிட வேண்டும். இந்தப் பயிற்சி முடிந்த பிறகுதான் இடிப்பதும் இடி வாங்குவதும்.

இதை நாம் நம் பாடங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். நீளம் தாண்டுதல், கோ-கோ, கபடி எல்லாவற்றிலும் பிள்ளைகள் விழுவார்கள். ஓடக் கற்றுக்கொடுக்கும் நாம், விழக் கற்றுக்கொடுக்கிறோமா? கணக்கில் தப்புவதும் ஒரு வகையில் விழுவதுதான். விடை தவறானதும் நோட்டை மூடிவிடும் பிள்ளைக்குத் தவறிலிருந்து எழும் பயிற்சியை யாரும் தரவில்லை என்று பொருள். ‘தப்பாகப் போட்டால் பரவாயில்லை, எந்த வரியில் தப்பியது என்று கண்டுபிடி’ என்று சொல்வது, சுருங்கி விழுந்து உடனே எழும் பயிற்சிக்குச் சமம்.

மூன்றாவது, உழைப்பு. பாட்டி இளமையில் வீராங்கனை என்று கார்ட்டூன் சொல்கிறது. எத்தனை ஆண்டுப் பயிற்சி என்று சொல்வதில்லை. இந்தக் குறையை ஒரு சித்திரக்கதை நூல் தீர்த்திருக்கிறது. விக்டோரியா ஜேமிசன் எழுதி வரைந்த ‘ரோலர் கேர்ள்’ 2015இல் வெளியானது. 2016இல் நியூபெரி சிறப்பு விருது பெற்றது. ஆசிரியர் தாமே போர்ட்லாண்ட் நகரின் டெர்பி அணியில் ஆடியவர். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆஸ்ட்ரிட் கோடைக்காலப் பயிற்சி முகாமில் சேர்கிறாள். அவளுடைய நெருங்கிய தோழியோ பாலே நடன முகாமுக்குப் போய்விடுகிறாள். ஆஸ்ட்ரிட் விழுகிறாள், மறுபடி விழுகிறாள், மற்றவர்கள் முன்னேறும்போது பின்தங்குகிறாள், வலியோடு வீட்டுக்கு வருகிறாள். விழுவதும் தோழியை இழப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. கார்ட்டூனைப் போலவே இதுவும் படக்கதைதான். ஆனால் அது வெட்டி எறிந்த நாள்களை இது பொறுமையாக வரைகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால், ஒரே பொருளை இரண்டு படைப்பாளிகள் எப்படி வெவ்வேறாகச் சொல்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

‘ஐயா, எங்கள் பள்ளியில் ஸ்கேட்டும் இல்லை, தடமும் இல்லை’ என்று நீங்கள் நினைக்கலாம். ஸ்கேட் வேண்டாம். ரோலர் டெர்பியைப் பள்ளியில் தொடங்கச் சொல்லவும் நான் வரவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருக்கும் ஏதாவது ஒரு பந்தயக் கார்ட்டூன் போதும். சில செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை: பிள்ளைகள் பார்த்த பந்தயத்தை நான்கு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இது நடக்குமா, நடக்காதா’ என்று கேளுங்கள். நடக்காது என்று சொன்னால் ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும். டெர்பி வீராங்கனைகள் தங்களுக்கென வேடிக்கையான களப்பெயர் வைத்துக்கொள்வார்கள். சொல்விளையாட்டாக இருக்கும். ஆஸ்ட்ரிட்டும் தனக்கு ஒன்று தேடுகிறாள். உங்கள் பிள்ளைகளும் தங்களுக்குப் பிடித்த களப்பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பது வேறு, தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்வது வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

ஆறு முதல் எட்டு வகுப்பு வரை: தமிழாசிரியர்கள் விதி எழுதும் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம். கார்ட்டூன் பந்தயத்துக்கு விதிகள் இல்லை. பத்து விதிகளை நீங்கள் எழுதுங்கள் என்று குழுக்களாகப் பிரித்து விடுங்கள். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு படித்து, எந்த விதியில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். ‘தள்ளக் கூடாது’ என்று எழுதினால், ‘தோள் பட்டால் தள்ளியதாகுமா?’ என்று எதிர்க்குழு கேட்கும். தெளிவாக எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியும்.

ஒன்பது, பத்து வகுப்புகள்: அறிவியலில் உந்தக் கணக்கு, உடற்கல்வியில் பாதுகாப்பாக விழும் பயிற்சி, சமூக அறிவியலில் பொருளாதார மந்தமும் மக்களின் பொழுதுபோக்கும். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வாரத்தில் ஒரே பொருளைத் தொடலாம்.

எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒன்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம், அல்லது தெருவில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும். சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்? யாரோடு போட்டி? எப்போது விளையாடுவதை நிறுத்தினீர்கள், ஏன்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளை நீங்கள் தனியாக உட்கார்ந்து படியுங்கள். வயதுக்கு வந்தது, திருமணம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பன போன்ற விடைகள் வரக்கூடும். அப்படி வந்தால், இன்று நம் வகுப்பில் இருக்கும் எந்தெந்த மாணவி அதே காரணத்துக்காக மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறாள் என்று பாருங்கள். உடற்கல்விப் பாடவேளையில் ‘நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்’ என்று பெண்பிள்ளைகளை விட்டுவிடும் வழக்கம் எங்கே இருந்தாலும், அதை மாற்றும் பொறுப்பு நம்முடையது.

ஆசிரியத் தோழர்களே, பிள்ளைகள் பார்க்கும் எல்லாக் காட்சிகளையும் நாம் பார்த்து முடிக்க முடியாது. பருவத்துக்கு ஒன்று போதும். அதில் உண்மை எது, மிகை எது, விட்டது எது என்று மூன்று பத்திகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் இரண்டையும் பிள்ளைகளே நிரப்பிவிடுவார்கள். மூன்றாவது பத்திக்குத்தான் நீங்கள் தேவை. அதற்காகக் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். உங்கள் பள்ளியில் செய்து பார்த்ததையும், பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டிகளின் விடைகளையும் அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள்.